1200 கிலோமீட்டருக்கு ஒரே அட்டை: டோலமைட் மலையில் ஆறு குளிர்காலங்கள்

பன்னிரண்டு பள்ளத்தாக்குகள், 450 லிஃப்டுகள், 1200 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பாதைகள், எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. இந்த எண்களில் மயங்கித்தான் 2019 ஜனவரியில் டோலோமிட்டி சூப்பர்ஸ்கி பாஸை முதன்முதலாக வாங்கினேன். பாஸின் எண்ணைக் கொடுத்தால் எத்தனை லிஃப்ட் ஏறினோம், எவ்வளவு தூரம் சறுக்கினோம் என்று இணையதளத்திலேயே கணக்குக் காட்டுவார்கள். வாரம் முடிந்து வீடு திரும்பியதும் ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். ஆறு நாளில் நான் சறுக்கியது 131 கிலோமீட்டர். தலைவாழை இலையில் பந்தி விருந்து பரிமாறியிருக்க, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு எழுந்து வந்த மாதிரி இருந்தது.

நான் மதுரைக்காரன். வேலை நிமித்தமாக மியூனிக்கில் இருக்கிறேன். பனிச்சறுக்கு கற்றுக்கொண்டதே முப்பத்து நான்கு வயதில்தான். நீலப் பாதையில் நிம்மதியாகவும் சிவப்புப் பாதையில் சற்றுப் பயந்தும் போவேன். கறுப்புப் பாதையின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலே திரும்பிவிடுவேன். என்னைப் போன்ற நடுத்தரச் சறுக்குக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கறுப்புப் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு என் அறிவுரை எதற்கு?

இந்த ஏற்பாடு 1974 முதல் நடக்கிறது. வடக்கு இத்தாலியின் டோலமைட் மலைகளில் தனித்தனியாக லிஃப்ட் நடத்தும் நிறுவனங்கள் பல சேர்ந்து, ஒரே டிக்கெட்டை எல்லா இடத்திலும் செல்லுபடியாக்கின. இன்று கொர்தீனா, க்ரோன்பிளாட்ஸ், ஆல்டா பாடியா, வால் கார்டெனா, ஃபாஸா, அராப்பா, சிவெட்டா என்று பன்னிரண்டு வட்டாரங்கள் இதில் இருக்கின்றன. முதன்முறை வருகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்: அட்டைதான் ஒன்று, மலைகள் ஒன்றல்ல. செல்லா என்ற பெரும் பாறைத் தொகுதியைச் சுற்றியுள்ள நான்கு பள்ளத்தாக்குகள் லிஃப்டாலும் பாதையாலும் கோத்தவை. மற்றவற்றுக்குப் பஸ்ஸோ காரோ ரயிலோதான் வழி. சிவெட்டாவில் காலையில் சறுக்கிவிட்டு மதியம் க்ரோன்பிளாட்ஸில் இருக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால், அந்த நாள் வளைந்து வளைந்து போகும் மலைச் சாலையிலேயே கழிந்துவிடும்.

நான் முதல் ஆண்டு செய்ததும் ஏறத்தாழ அதுதான். அறை மலிவாகக் கிடைத்தது என்று க்ரோன்பிளாட்ஸ் அடிவாரத்திலுள்ள ப்ரூனெக் பக்கம் தங்கினேன். ஊர் அருமையானது, குறை சொல்ல முடியாது. மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ஃபிரான்சென்ஸ்ஃபெஸ்ட வரை ரயில், அங்கே மாறினால் புஸ்டர்டால் பள்ளத்தாக்கு ரயில். பெர்ஹா என்ற சிறு நிலையத்தில் இறங்கினால் நடைமேடைக்கு எதிரிலேயே கேபிள் கார் நிலையம். ரயிலை விட்டு இறங்கிய காலணியோடு க்ரோன்பிளாட்ஸ் உச்சிக்குப் போய்விடலாம். பழனியில் ரோப் காருக்கு வரிசையில் நின்று பழகிய எனக்கு, ரயில் நிலையத்தையும் மலையுச்சியையும் இப்படி முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போயிற்று. ஆனால் நான் வாங்கியதோ பெரிய பாஸ். ‘காசு கொடுத்தாயிற்றே’ என்ற நினைப்பு விடவில்லை. ஆறு நாளில் மூன்று நாள், விடியும் முன் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில், செல்லாவை ஒட்டிய கொர்வாராவுக்குப் போனேன். சறுக்கியதைவிட ஸ்கீ பலகையை முழங்காலுக்கிடையே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அந்த வாரம் எனக்குத் தேவைப்பட்டது க்ரோன்பிளாட்ஸுக்கு மட்டுமான சிறிய பாஸ்.

அடுத்த ஆண்டு புத்தி வந்தது. பாதி புத்தி என்று சொல்ல வேண்டும். வால் கார்டெனாவில் செல்வா என்ற ஊரில் தங்கினோம். இந்த வட்டாரத்தில் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு மூன்று பெயர்கள்: ஜெர்மனில் ஒன்று, இத்தாலியனில் ஒன்று, உள்ளூர் லதீன் மொழியில் ஒன்று. செல்வாவுக்கு ஜெர்மனில் வோல்கன்ஸ்டைன். பஸ் பலகையில் வேறு பெயரைப் பார்த்துவிட்டு, சரியான பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். எல்லாப் பெயர்களையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

செல்வாவிலிருந்து செல்லாரோண்டா. செல்லா பாறைத் தொகுதியை ஒரே நாளில் வலம் வருவது. லிஃப்டையும் சேர்த்தால் நாற்பது கிலோமீட்டர் சுற்று, அதில் இருபத்தாறு அளவில் சறுக்கல். கடிகாரத் திசையில் போனால் ஆரஞ்சு நிற அம்பு, எதிர்த்திசையில் பச்சை. கோயில் பிரகாரம் சுற்றிப் பழகிய கால்கள் தாமாகவே ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தன. காலை பத்து மணிக்குள் கிளம்ப வேண்டும், பிற்பகல் மூன்றரைக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கிளம்பியது பத்தரைக்கு. போதாததற்கு ஆல்டா பாடியா மலைக்குடிலில் தூர்த்ரெஸ் தின்ன உட்கார்ந்தேன். கீரையும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டம். பூரி போல உப்பி, சோமாசி போல நொறுங்கும். ஒன்று போதும் என்று உட்கார்ந்தவன் மூன்றில் எழுந்தேன்.

அராப்பாவை அடைந்தபோது காற்று கிளம்பிவிட்டது. மேலே போகும் லிஃப்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். செல்வாவுக்கு நேர் எதிர் மூலை அராப்பா. எந்தப் பக்கம் போனாலும் பாதிச் சுற்று பாக்கி. பாஸ் சட்டைப்பையில் இருக்கிறது, 1200 கிலோமீட்டரும் அதற்குள் இருக்கிறது, வீட்டுக்குப் போக வழியில்லை. டாக்ஸி நிறுத்தத்தில் என்னைப் போலவே முழித்துக்கொண்டு நின்ற டென்மார்க் தம்பதியுடன் சேர்ந்து 140 யூரோவுக்கு ஒரு வண்டி பிடித்தோம். இரண்டு கணவாய்கள், எண்ணிலடங்காத கொண்டை ஊசி வளைவுகள். தூர்த்ரெஸ் மூன்றும் வயிற்றில் உருண்டன.

அப்போது கற்றுக்கொண்டதை இன்றும் கைவிடவில்லை. நாளின் பாதியில் நான் நிற்கிற இடத்திலிருந்து, மேலே ஒரு லிஃப்ட் நின்றுபோனாலும் வீடு திரும்ப முடியுமா என்று பார்த்துக்கொள்வேன். முடியாது என்றால் மதிய உணவைத் தங்குமிடத்துப் பக்கமுள்ள மலையில் வைத்துக்கொள்வேன்.

2020 மார்ச்சில் தொற்றுப் பரவல் வந்து மலையை இழுத்து மூடினார்கள். 2021-இல் இத்தாலி முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு லிஃப்ட் ஓடவேயில்லை. பிப்ரவரி நடுவில் திறப்பதாக இருந்ததை முந்தைய நாள் மாலை அரசு நிறுத்திவிட்டது. வாரக்கணக்கில் பனி போட்டுப் பாதைகளைத் தயார் செய்து வைத்திருந்தவர்களின் வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு தவிர 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் போயிருக்கிறேன்.

சரி, பெரிய பாஸ் தேவைதானா? ஒரு பள்ளத்தாக்குக்கு மட்டுமான பாஸுக்கும் இதற்கும் ஆறு நாளுக்குச் சில பத்து யூரோக்கள்தான் வித்தியாசம். பெரியவருக்கு ஆறு நாள் பெரிய பாஸ், நெரிசல் காலத்தில் 400 யூரோவைத் தாண்டிவிட்டது. செல்லாவைச் சுற்றியுள்ள ஊர்களில் தங்குகிறவர் யோசிக்காமல் பெரியதையே வாங்கலாம். க்ரோன்பிளாட்ஸ் போலத் தனித்து நிற்கும் மலையடியில், அதுவும் கற்றுக்குட்டிகளோடு தங்குகிறவர் சிறியதை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் பயிற்றுநரை வைத்துக்கொள்வது நல்லது. என் மனைவி உடன் வரத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகள், வால் கார்டெனா பக்கத்திலுள்ள ஆல்பே தி சியூசியை விட்டு நகரவில்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய மலைமேல் புல்வெளி அது. குளிர்காலத்தில் மெத்தை விரித்தது போல மெதுவாகச் சரியும் நீலப் பாதைகள். “நீங்கள் போய் உங்கள் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வாருங்கள், எனக்கு இந்தத் திண்ணையே போதும்” என்பாள். அவளுக்கும் பெரிய பாஸ் வாங்கியது என் வீம்பு.

பெரிய பாஸின் அருமை தெரிந்தது 2023-இல் ஒரு மோசமான வாரத்தில். கொர்வாரா பக்கம் இரண்டு நாள் மேகம் இறங்கி, முன்னே போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. கிழக்கே கொர்தீனாவில் வெயில் அடிப்பது இணையக் கேமராவில் தெரிந்தது. புது டிக்கெட், கூடுதல் பணம் என்ற யோசனையே இல்லாமல் கிளம்பிவிட்டோம். 1956-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். (2026-இல் மறுபடி நடந்தபோது அந்தக் கூட்டத்துக்குப் பயந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.)

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் இந்த ஆறு ஆண்டுகளில் எனக்குப் பிடித்த நாள் அமைந்தது. ஃபால்சாரேகோ கணவாயிலிருந்து லாகட்சுவோய் உச்சிக்குக் கேபிள் கார். முதல் உலகப் போரில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் ஒருவரையொருவர் தகர்க்கக் குடைந்த சுரங்கங்கள் அந்த மலைக்குள் இருக்கின்றன. உச்சியிலிருந்து மறுபக்கம் எட்டு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு சிவப்புப் பாதை இறங்குகிறது. வழியில் லிஃப்ட் கம்பி எதுவும் குறுக்கிடாது. பாறைச் சுவரில் அருவிகள் நீலமாக உறைந்து தொங்கும். இறங்கி முடித்தால் சமதளம். தள்ளாமல் பலகை நகராது. அங்கே இரண்டு குதிரைகள் பூட்டிய வண்டி காத்திருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நீளமான கயிறுகள். தேரிழுக்க வடம் பிடிப்பது போல ஆளாளுக்குக் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டியது. இழுப்பது மட்டும் குதிரை. முன்னால் நின்ற சிறுவன் தடுமாறிக் கயிற்றை விட, அவன் பின்னால் நின்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் சீட்டுக்கட்டு போலச் சரிந்தோம். குதிரைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற காட்சியாக இருக்கும். குதிரைக்குப் பாஸ் செல்லாது, சில்லறை யூரோ வேண்டும். என்னிடம் அட்டைதான் இருந்தது, மனைவிதான் கொடுத்தாள்.

பெயர் குழப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலுள்ள கல்லூரி நண்பர் ஒருவர் அந்த நாட்டுப் பருவப் பாஸ் வைத்திருக்கிறார். அதில் ஐரோப்பிய மலைகளுக்கும் சில நாட்கள் உண்டு. ‘டோலோமிட்டி’ என்ற சொல்லைப் பார்த்ததும் என்னோடு கொர்வாராவில் அறை போட்டுவிட்டார். அவருடைய பாஸில் இருந்தது ஸ்கீராமா டோலோமிட்டி. மேற்கே மதோன்னா தி கம்பீலியோ பக்கம் உள்ள வேறு கூட்டமைப்பு அது, பள்ளத்தாக்குகள் பல தாண்டிப் போக வேண்டும். நல்ல வேளையாக, விமான டிக்கெட் எடுக்கும் முன் தெரிந்தது. அமெரிக்கப் பாஸ் வைத்திருப்பவர்கள் மலையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எத்தனை நாள் என்பதையும் பார்த்த பிறகு அறை போடுங்கள்.

எப்போது போவது? ஜனவரி 6 இத்தாலியிலும், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்திலும் விடுமுறை; அது முடிந்ததும் மலை காலியாகிவிடும், பாஸ் விலையும் சற்று இறங்கும். குளிர் கடுமைதான். ஆனால் லிஃப்டுக்கு நிற்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் கூட்டம் அலைமோதும் கார்னிவல் விடுமுறை வாரத்தை எதிரிக்குக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன். டோலமைட் ஆல்ப்ஸின் தெற்குப் பக்கம் இருப்பதால் இயற்கைப் பனி குறைவாக விழும் ஆண்டுகள் உண்டு. ஏறக்குறைய எல்லாப் பாதைகளிலும் செயற்கைப் பனி போட வசதி வைத்திருக்கிறார்கள். 2022-இல் சுற்றிலும் பழுப்புப் புல், நடுவே வெள்ளை நாடா விரித்தது போலப் பாதை. சறுக்க நன்றாகத்தான் இருந்தது, கண்ணுக்குத்தான் ஒட்டவில்லை.

காரில் வருகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்க்கப் பாருங்கள். விடுதிகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்று அறை கொடுப்பதால் பாதி பவேரியா அன்று பிரென்னரில்தான் நிற்கும். பிரென்னர் சாலையிலுள்ள லூக் பாலம் பழுதானதால் 2025 தொடக்கத்திலிருந்து அங்கே பெரும்பாலும் திசைக்கு ஒரு தடம்தான். விடுதிக்காரரிடம் ஞாயிறு முதல் வெள்ளி வரை கேட்டுப் பாருங்கள், ஜனவரியில் சம்மதிக்கிறார்கள்.

2022 ஜனவரியிலிருந்து இத்தாலியில் சறுக்குவதற்குப் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். ஜெர்மனியில் வசிப்பவர்களிடம் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். சான்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் பாஸோடு சேர்த்தே வாங்கலாம். நம்மை மலையிலிருந்து மீட்கும் செலவு அதில் சேராது, அதற்குத் தனிக் காப்பீடு பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து பெரியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு அதிலேயே இணையம் வழியாகப் பாஸை ஏற்றிக்கொள்ளலாம், ஞாயிறு காலை டிக்கெட் ஜன்னலில் நிற்பது மிச்சம். சட்டையின் இடது கையிலுள்ள பையில் அது தனியாக இருக்கட்டும். கைப்பேசியோடு சேர்த்து வைத்தால் வாயிற்கதவு படிக்காமல் அடம்பிடிக்கும். பின்னால் நிற்பவர்கள் மூன்று மொழிகளில் பெருமூச்சு விடுவார்கள்.

வரும் ஜனவரிக்கு சான் கஸ்ஸியானோவில் அறை சொல்லியாகிவிட்டது. குதிரைகள் இழுத்து வந்து விடுகிற இடத்துக்குப் பக்கத்து ஊர். மனைவி இப்போது சிவப்புப் பாதையில் என்னைவிட நன்றாக இறங்குகிறாள். மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பாவில் இரண்டு யூரோ நாணயங்களைச் சேர்த்து வருகிறாள். குதிரைக்காம்.