தரைக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கிய டிஷ்வாஷர்: எந்த வழியில் வெளியே எடுப்பது?

பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். சமையல் மேடைக்கு அடியில் நிற்கும் டிஷ்வாஷரை அசைக்க மனமில்லாமல், அதன் முன்கால் வரைக்கும் ஒட்டிவிட்டு நிறுத்தியிருப்பார்கள். வேலை முடிந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில வருடம் கழித்து அடியிலிருந்து தண்ணீர் கசியும். அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். இயந்திரம் ஒரு பள்ளத்துக்குள் நிற்கிறது. முன்னால் புதுத் தரை வாசற்படி மாதிரி உயர்ந்திருக்கிறது. மேலே மேடைக் கல். இழுத்தால் கால் இடிக்கிறது, தூக்கினால் தலை இடிக்கிறது.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். காலை இறக்கு, டைல்ஸை உடை, கல்லைத் தூக்கு, பக்கத்துக் கேபினெட்டைக் கழற்று, இயந்திரத்தையே அறுத்து எடு. ஐந்தும் நடக்கக்கூடியவைதான். ஆனால் ஐந்தும் ஒரே சிக்கலுக்கான தீர்வு அல்ல. நான் இவற்றை எடைபோடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்து: எது போனால் திரும்பக் கிடைக்கும்? இயந்திரம் கடையில் கிடைக்கும். அதே நிறத்தில் அதே டைல்ஸ் கிடைப்பது சந்தேகம். சிங்க் ஓரத்தில் விரிசல் விட்ட கல்லுக்கு ஒட்டுப் போட்டாலும் கோடு தெரியும்.

டேப்பை எடுத்த பிறகுதான் ஸ்பேனர்

இரண்டு அளவு வேண்டும். ஒன்று, புதுத் தரையிலிருந்து மேடைக் கல்லின் அடி விளிம்பு வரை உள்ள உயரம். இதை உள்ளே தள்ளி அளக்காதீர்கள். பல மேடைகளில் கல் தடிமனாகத் தெரிவதற்காக முன் ஓரத்தில் இன்னொரு பட்டையை அடியில் ஒட்டியிருப்பார்கள். இயந்திரம் வெளியே வரும்போது இடிக்கப்போவது அந்தப் பட்டைதான். இடது, நடு, வலது என மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கால்களை முழுக்க உள்ளே திருகி இறக்கியபின் இயந்திரத்தின் உயரம். ஐரோப்பிய அளவில் செய்யப்பட்ட 60 செ.மீ. அகல இயந்திரங்கள் பெரும்பாலும் 82 செ.மீ. அளவுக்கு இறங்கும், காலை உயர்த்தினால் 87 வரை போகும். அமெரிக்க அளவில் செய்தவை 34 அங்குலத் திறப்புக்கு, அதாவது சுமார் 86 செ.மீ.க்கு ஏற்றவை. கையேட்டில் குறைந்தபட்ச உயரம் என்று போட்டிருக்கும்.

திறப்பு, அதாவது முதலில் அளந்த உயரம், 83.5 செ.மீ., இயந்திரம் 82 என்றால் உடைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை, பொறுமை போதும். திறப்பு 81.5 என்றால் அரை சென்டிமீட்டருக்குத் தந்திரம் தேட வேண்டும். திறப்பு 80 என்றால் காலைத் திருகிக்கொண்டிருப்பது வீண். ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

பிரேக்கரை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில இயந்திரங்களுக்குப் பிளக் இருக்காது, வயர் நேரே அடியிலுள்ள இணைப்புப் பெட்டிக்குள் போகும். தண்ணீர் வால்வை மூடுங்கள். பழைய வால்வு முழுக்க மூடாமல் சொட்டினால் வீட்டின் முதன்மை வால்வையே மூடிவிடுங்கள். இயந்திரத்துக்குள் பாத்திரம் வைக்கும் தொட்டியின் அடிக்குழியில் தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். எடுக்காவிட்டால் இயந்திரம் சாயும்போது தரையெல்லாம் அதுதான்.

தண்ணீர் உள்ளே வரும் ஹோஸின் முனையில் தடித்த பெட்டி போல ஒன்று இருந்தால் அந்த ஹோஸை வெட்டவே கூடாது. கசிவைத் தடுக்கும் வால்வு அதற்குள் இருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் வகையில் வயரும் ஹோஸுக்குள்ளேயே ஓடும். குழாய்ப் பக்கம் கையால் திருகித்தான் கழற்ற வேண்டும்.

அடுத்தது கதவு. இயந்திரத்தை மேடையோடோ பக்கத்துக் கேபினெட்டோடோ பிடித்து வைத்திருப்பது இரண்டு ஸ்க்ரூதான். அவற்றைக் கழற்றிய நிமிடத்திலிருந்து கதவைத் திறந்தால் முழு இயந்திரமும் முன்னால் கவிழும். எடை 35 முதல் 50 கிலோ வரை இருக்கும், எதிரே குனிந்திருப்பவருடைய முகம் அதே உயரத்தில் இருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றியதும் கதவைச் சாத்திப் பூட்டி, குறுக்கே அகல டேப் ஒட்டிவிடுங்கள். கையுறை கட்டாயம். அடித்தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும்.

காலை இறக்கி இழுப்பது

என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். எதுவும் உடையாது, பாதியில் நிறுத்தினாலும் நஷ்டம் இல்லை. ஆனால் நேரம் எடுக்கும். காலின் மரை எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான சாதாரண மரையாக இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கும். 20 மி.மீ. இறக்க 16 சுற்று. அந்த இடுக்கில் ஸ்பேனரை ஒரு தடவைக்கு ஆறில் ஒரு பங்குதான் திருப்ப முடியும். ஒரு காலுக்கு மட்டும் கிட்டத்தட்ட நூறு தடவை எடுத்து மாட்ட வேண்டும். இது தெரிந்து உட்கார்ந்தால் நடுவில் கோபம் வராது.

நான் எடுத்த இயந்திரத்தில் இடது முன்கால் சுற்றவே இல்லை. தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. டைல்ஸ் ஒட்டும்போது வழிந்த கிரவுட், அதாவது இடைவெளியை அடைக்கும் கலவை, காலைச் சுற்றி வெள்ளை வளையமாக இறுகிப்போயிருந்தது. மெல்லிய உளியை வைத்துச் சுற்றிலும் சிறு சிறு தட்டாகத் தட்டி அதை உதிர்த்தேன். மரையில் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டேன். காலையில் முதல் திருப்புக்கே ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு நிம்மதி.

பின்கால் வேறு கதை. பல இயந்திரங்களில் முன்பக்கம் கீழே நடுவில் ஒரு திருகு இருக்கும். அதைச் சுற்றினால் நீளமான தண்டு வழியாகப் பின்கால் ஏறி இறங்கும். இதைக் கையால் மட்டுமே சுற்றுங்கள். டிரில் மெஷினை மாட்டினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிடும். அப்புறம் பின்காலுக்கு வழியே இருக்காது.

கால் என்ன செய்தும் இறங்கவில்லையா? காலையே அறுத்துவிடலாம். அறுக்கும்முன் அடித்தகட்டுக்குக் கீழே மரத்துண்டுகளை இறுக்கமாகச் செருகுங்கள், இல்லாவிட்டால் விரல்மேல் இறங்கும். இரும்பறுக்கும் பிளேடோ, அதிர்ந்து வெட்டும் கைக்கருவியோ போதும். மாற்றுக் கால் தனியாகக் கிடைக்கும் உதிரிப்பாகம்தான்.

அரை சென்டிமீட்டர் குறையும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். தொட்டியின் மேல் போர்த்தியிருக்கும் ஒலித்தடுப்பு விரிப்பை உருவினால் சில மில்லிமீட்டர் கிடைக்கும். தனியாக நிற்கும் 85 செ.மீ. மாடலைக் கல்லுக்கு அடியில் தள்ளியிருந்தால் அதன் மேல்மூடி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றினால் சுமார் மூன்று சென்டிமீட்டர் குறையும்.

இழுக்கும்போது கதவைப் பிடித்து இழுக்காதீர்கள், கீல் வளைந்துவிடும். அடித்தகட்டின் இரண்டு மூலையையும் பிடியுங்கள். தட்டையான நெம்புகோலால் முன்பக்கத்தைத் தூக்கி, புதுத் தரையின் விளிம்பில் வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டை வைத்து அதன்மேல் ஏற்றுங்கள். நெம்புகோலுக்கு அடியில் பலகைத்துண்டு இல்லாவிட்டால் டைல்ஸ் முனை பெயரும். பின்கால் படியை எட்டும்போது இயந்திரத்தின் பெரும்பகுதி வெளியே வந்திருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால் முடிந்தது.

கேபினெட்டைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை

பக்கத்துக் கேபினெட்டை எடுத்துவிட்டு இயந்திரத்தைப் படுக்கவைத்து உருவிவிடலாம் என்று பலர் நம்பிக்கையோடு சொல்வார்கள். கணக்கு ஒத்துவராது. 60 அகலம், 82 உயரம் கொண்ட பெட்டியின் மூலைவிட்டம் 101 செ.மீ.க்கு மேல். அதைச் சாய்க்கவே அவ்வளவு உயரம் வேண்டும், கல் இருப்பதோ 84-ல். இந்த வழி உதவுவது பக்கவாட்டில் சிக்கியபோது மட்டும். தண்ணீர் குடித்த மரத்தூள் பலகை உப்பி இயந்திரத்தை இரண்டு பக்கமும் நெரிக்கும். அப்போதும் முழுக் கேபினெட்டையும் எடுக்கும்முன், உப்பிய ஓரத்தை மட்டும் சீவிப் பாருங்கள். கேபினெட்டை எடுத்தே தீர வேண்டுமென்றால் கல்லுக்கு முட்டுக் கொடுக்காமல் எடுக்கக் கூடாது.

டைல்ஸை எடுப்பதா, கல்லைத் தூக்குவதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இயந்திரம் நன்றாக இருக்கிறது, பழுது பார்த்தால் ஓடும், ஆனால் திறப்பு போதவில்லை என்ற நிலையில் இந்தக் கேள்வி வரும்.

மேடை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே பதில். 38 மி.மீ. மரத்தூள் பலகையில் லேமினேட் ஒட்டியதாக இருந்தால் தூக்குவதே சுலபம். ஒரு சதுர மீட்டர் சுமார் 25 கிலோதான். கேபினெட்டுக்கு உள்ளிருந்து போட்ட ஸ்க்ரூக்களைக் கழற்றி, சுவரோர இடுக்கை அடைத்திருக்கும் சிலிக்கானைக் கத்தியால் அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்தால் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் எழும்பும். வேலை முடிந்து இறக்கி, புதுச் சிலிக்கான் போட்டால் தூக்கிய தடமே தெரியாது.

கிரானைட் என்றால் நான் கை வைக்க மாட்டேன், உங்களையும் வைக்க விடமாட்டேன். 3 செ.மீ. தடிமன் உள்ள கல் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோ இருக்கும். இரண்டரை மீட்டர் நீள மேடை, 60 செ.மீ. அகலம் என்றால் 120 கிலோ. ஆனால் பயம் எடையில் இல்லை. சிங்க்குக்காக வெட்டிய ஓட்டைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சாண்கூட இல்லாத ஒல்லிப் பட்டைதான் கல்லைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஒரு முனையை மட்டும் தூக்கினால் முறுக்கம் எல்லாம் அந்தப் பட்டைக்கு வரும், டிஷ்வாஷர் இருப்பதும் அனேகமாகச் சிங்க்குக்குப் பக்கத்தில்தான். கல்லோடு அடுப்பின் எரிவாயுக் குழாயும் சேர்ந்து இழுபடுமானால் யோசிக்கவே வேண்டாம்.

டைல்ஸ் பக்கம் வந்தால் நஷ்டம் நிச்சயம் உண்டு, ஆனால் அளவு தெரிந்த நஷ்டம். இயந்திரம் முழுக்க வெளியே வர, அதன் முன்பின் நீளம் அளவுக்கு, அதாவது முன்னால் 60 செ.மீ. தூரத்துக்கு, டைல்ஸை எடுத்துத் தரையைத் தாழ்த்த வேண்டும். 60-க்கு 60 டைல்ஸ் என்றால் இணைப்புக் கோடு சரியாக அமைந்தால் ஒன்று, அமையாவிட்டால் இரண்டு, சில சமயம் நான்குகூட. மிச்சம் வைத்த டைல்ஸ் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் சுற்றியுள்ள கிரவுட்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள், அப்போதுதான் அடி பக்கத்து டைல்ஸுக்குப் போகாது. பிறகு நடுவில் உடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உளியைச் சாய்த்துப் பெயர்த்து வாருங்கள். தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும், நல்ல முகமூடி வேண்டும். தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ சூடேற்றும் கம்பியோ ஓடினால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இயந்திரத்தையே பிரிப்பது

பழுது பார்க்க முடியாது என்று முடிவாகிவிட்டால், மேலே சொன்ன எந்த விவாதமும் தேவையில்லை. செத்த இயந்திரத்துக்காக உயிருள்ள தரையை உடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அதுவும் அடிக்கடி நடக்கிறது.

இந்த வழியில் மட்டும் மேடை ஸ்க்ரூவைக் கடைசிவரை விட்டுவையுங்கள், கதவைத் திறந்து வேலை செய்ய அதுதான் பிடிமானம். தட்டுகளையும் தண்ணீர் தெளிக்கும் கைகளையும் உருவுங்கள். கதவின் ஸ்பிரிங்குகளை இடுக்கியால் பிடித்து மெதுவாகத் தளர்த்துங்கள், விட்டால் விரலைப் பதம் பார்க்கும். கதவு போனதும் இயந்திரம் பாதி எடைக்கு வந்த மாதிரி தோன்றும். பல மாடல்களில் பம்புகள் உள்ள பிளாஸ்டிக் அடிப்பகுதி வேறு, மேலே உள்ள எஃகுத் தொட்டி வேறு. இரண்டையும் இணைக்கும் ஸ்க்ரூக்களையும் ஹோஸ்களையும் எடுத்தால் உயரம் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரியாவிட்டால் பக்கச் சட்டத்தை ரம்பத்தால் அறுங்கள். கிரைண்டர் வேண்டாம். தொட்டியைச் சுற்றி இருக்கும் பஞ்சும் தார் விரிப்பும் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், மூடிய இடுக்கில் அது எரிவது வெளியே தெரியாது.

ஓர் அரை நாள் வேலை. பெரிய பை நிறைய உதிரிகளும் ஒரு நசுங்கிய தொட்டியும் மிஞ்சும்.

இடம் காலியானதும் புது இயந்திரத்தை உடனே தள்ளிவிடாதீர்கள். திறப்பு 82-க்கு மேல் இருந்தால் பள்ளத்தை முன்தரை மட்டத்துக்கு நிரப்புங்கள். தண்ணீர் தாங்கும் சிமென்ட் பலகை போதும், டைல்ஸே வேண்டும் என்றில்லை. 82-க்குக் குறைவாக இருந்தால் கடைக்குப் போகும்போது அந்த அளவை எழுதி எடுத்துச் செல்லுங்கள், குறைந்த உயர மாடல்கள் உண்டு. பின்கால் திருகு முன்பக்கம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். தள்ளும்முன் நாலு காலின் மரையிலும் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.