கேஸ் கீசரா, மின்சார கீசரா: ஓசூர்க் குளிருக்கு எது?

மார்கழியில் ஓசூர்ப் பக்கம் வெந்நீர் இல்லாமல் குளிப்பது ஆகாத காரியம். எங்கள் வீட்டு கேஸ் கீசரில் தீ பற்றிய வேகத்திலேயே அணையத் தொடங்கியதும், அதைச் சரிசெய்வதா, கழற்றிவிட்டு மின்சார கீசர் மாட்டுவதா என்ற பேச்சு எழுந்தது. யோசித்துப் பார்த்து கேஸையே வைத்துக்கொண்டோம்.

செலவுக் கணக்கு எளிது. 2 கிலோவாட் மின்சார கீசர் 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்றக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும்; அரை யூனிட் செலவாகும். அதே வேலைக்கு கேஸ் 50 கிராமுக்குப் பக்கமாக எரியும். மின்தடையிலும் கேஸ் கீசர் வேலை செய்யும். ஏற்கெனவே இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை நெருங்கும் வீடுகள், அதைத் தாண்டினால் கட்டண விகிதம் கூடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். இந்தப் பக்கத்தில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளிலும் குளிக்கப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதில் உள்ள உப்பு இரண்டு கீசரையும் பிடிக்கும். மின்சார கீசரில் அது மூடிய தொட்டிக்குள், சூடேற்றும் காயிலின் மேல் கெட்டியாகப் படிகிறது. வெப்பம் தண்ணீருக்குப் போக வழியின்றிக் காயில் எரிந்துபோகிறது. துருவைத் தடுக்க உள்ளிருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்து தீர்ந்தால் துரு தொட்டியையே அரிக்கத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

கேஸ் கீசர் அப்படியில்லை. கோளாறு வந்தால் தீ அணையும். எப்போது, எப்படி அணைகிறது என்று கவனித்தாலே காரணம் பிடிபடும். குழாயைத் திறந்ததும் தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும். அதன்பிறகே கேஸ் வால்வு திறக்கும். எங்கள் வீட்டில் சமையலறைக் குழாயைத் திறந்த நொடியில் தீ அணைந்தது. அழுத்தம் போதவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் உள்ளே நுழையும் இடத்துச் சிறு வலையைக் கழற்றினால் வெள்ளை உப்பும் செம்மண்ணும் அப்பிக் கிடந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் தீ நின்று எரிந்தது.

பொறியே வரவில்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். பற்றி, சில நொடிகளில் ஒவ்வொரு முறையும் அணைந்தால், தீயைத் தொட்டபடி நிற்கும் உணர்கம்பியில் கரி படிந்திருக்கலாம். கேஸை மூடி, கீசர் ஆறிய பிறகு மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் போதும். தண்ணீர் வரத்து குறைந்து, கொதிக்கக் கொதிக்க வந்து அணைந்தால் செப்புக் குழாய்க்குள் உப்பு அடைத்திருக்கிறது. அதைப் பிரித்துக் கழுவ ஆள் வேண்டும். நன்றாக எரிந்து இருபது நிமிடத்தில் நின்றால் கோளாறே இல்லை. பல மாடல்களில் பாதுகாப்புக்காக அந்த நேரக்கட்டு உண்டு. கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். கதவு சாத்திய அறையில் காற்று குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. தலை சுற்றும்போது கதவைத் திறக்கவும் தெம்பு இருக்காது. அங்கே தீ தானாக அணைவதும் காற்றுக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். எங்களுடையது பின்பக்க வெளிச்சுவரில், மழைபடாத கூரைக்குக் கீழே இருக்கிறது. வெந்நீர்க் குழாய் மட்டுமே உள்ளே போகிறது.

மின்சார கீசருடன் என் பழக்கம் முன்பிருந்த வாடகை வீட்டோடு சரி. உப்பு குறைந்த மென்னீர் வரும் வீடுகளில் அது நீண்ட காலம் உழைக்கலாம். வெளிச்சுவரே கிடைக்காத அடுக்குமாடி வீட்டுக்கும், மாடித் தண்ணீர்த் தொட்டியின் உயரம் குறைந்து அழுத்தமே இல்லாத வீட்டுக்கும் நானே மின்சார கீசரைத்தான் சொல்வேன்.