ஜாதக ஆப்: கணக்கு சுத்தம், தீர்ப்புதான் வேண்டாம்

கணிப்பில் இந்த ஆப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் ராசிக் கட்டம், நவாம்சம், தசா இருப்பு (பிறக்கும்போது நடக்கும் கிரக தசையில் மீதிக் காலம்) எல்லாம் நொடியில் வந்துவிடும். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி அரை நாள் உட்கார்ந்து எழுதிய வேலை அது. எழுத்தும் பெரிதாக, படிக்க வசதியாக இருக்கிறது.

என் வருத்தமெல்லாம் பொருத்தப் பக்கத்தைப் பற்றித்தான். அண்ணன் மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் சித்திரை நட்சத்திரம். இவளுக்கு மிருகசீரிடம் 1ஆம் பாதம் என்று ஆப் காட்டியது. இரண்டும் சிரசு (தலை) ரஜ்ஜு. இருவர் நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜுப் பிரிவில் வந்தால் பொருந்தாது என்பார்கள். உடனே சிவப்புப் பட்டையில், 'பொருத்தம் இல்லை, திருமணம் செய்யக் கூடாது'. அண்ணி அதைப் பார்த்ததும் பயந்துபோய் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

பஞ்சாங்கக் கணிதத்தில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு முறை உண்டு. அப்புறம் நான் செட்டிங்ஸில் திருக்கணிதத்தை எடுத்துவிட்டு வாக்கியத்தை வைத்துப் பார்த்தேன். அதே பிறந்த நேரம், ஆனால் ரோகிணி 4ஆம் பாதம் வந்தது. ரோகிணி கண்ட (கழுத்து) ரஜ்ஜு, வேறு பிரிவு. ரஜ்ஜு தட்டவே இல்லை, பட்டை பச்சையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் தலைமுறையாக வாக்கியம்தான். ஆப்போ யாரையும் கேட்காமல் திருக்கணிதம், லஹிரி அயனாம்சம் (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று வைக்கும் திருத்தக் கணக்கு) என்று தானே வைத்துக்கொள்கிறது. லஹிரிக்குப் பதில் ராமன் அயனாம்சம் வைத்தால் எல்லாக் கிரகமும் ஏறக்குறைய ஒன்றரை பாகை நகரும். சுக்கிர தசை இருப்பில் அதனால் இரண்டு வருஷத்துக்கு மேல் வித்தியாசம் வரும். சனிப்பெயர்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்குப் போயாயிற்று. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது 2026இல்தான்.

எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை உண்டு, விதியிலும் உண்டு. ஆனால் சைவத்தில் வினை மூன்று: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். சஞ்சிதம் முன்பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் வினை. ஜாதகம் காட்டுவது பிராரத்தத்தை, அதாவது இந்தப் பிறவிக்கென்று நாம் கொண்டுவந்த பங்கை. இப்போது நாம் செய்து சேர்ப்பது ஆகாமியம். பன்னிரண்டு கட்டத்தில் எதிலும் அது எழுதியிருக்காது. ஒரு பெண்ணின் மனதைக் கேட்காமல் வரனைத் தட்டிக்கழிப்பதும் நாம் செய்கிற வினைதான். அதை, நட்சத்திரத்தைத் தீர்மானிக்கும் சந்திரன் தலையில் போட முடியாது.

ஆப் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்தப் பஞ்சாங்கம் என்று முதல் பக்கத்திலேயே கேளுங்கள். சந்திரன் நட்சத்திர எல்லையில் இருந்தால், கணித முறை மாறினால் நட்சத்திரமும் மாறும் என்று எழுதுங்கள். 'செய்யக் கூடாது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதைச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

கட்டம் போட்டுப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் இலவசப் பதிப்பே போதும். பொருத்தப் பக்கத்துக்குத் தனிச் சந்தா கேட்கிறார்கள், கட்டாதீர்கள். நான் என்னுடையதைப் புதுப்பிக்கவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் கணிதத்துக்கு.