வென்டிலேற்றரோடு ஏழு வருடம்: நான் முதலில் பார்க்கும் எண்

கொழும்பில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் மெஷின்தான் வென்டிலேற்றர்; அதன் திரையில் எத்தனையோ எண்கள் ஓடும். டியூட்டி ஏற்றதும் என் கண் போவது பீப்புக்குத்தான் (PEEP). மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரலுக்குள் மிச்சம் நிற்கும் அழுத்தம் அது. அநேகமாக 5 சென்ரிமீற்றர் நீர் அளவில் தொடங்குவோம்.

வெள்ளவத்தைச் சந்தையில் ஈரமான சொப்பின் பையைப் பிரித்திருக்கிறீர்களா? ஒட்டிக்கொண்டு லேசில் வராது. திறந்ததும் விரலை உள்ளே வைத்திருந்தால் திரும்ப ஒட்டாது. நுரையீரலின் சின்னக் காற்றுப் பைகளும் அப்படித்தான்; பீப் அந்த விரல். மல்லாந்து கிடப்பவருக்கு முதுகுப் பக்கத்து நுரையீரல்தான் முதலில் ஒட்டும்.

முன்பெல்லாம் மெஷினிலிருந்து ரியூப்பைக் கழற்றித்தான் சளி எடுப்போம். கழற்றிய கணமே பீப் பூச்சியம். ஒருவருக்கு இரத்தத்தில் ஒட்சிசன் 94 வீதத்திலிருந்து 82க்கு இறங்கியது. பதினைந்து செக்கனில் திரும்ப மாட்டிவிட்டேன். பழைய எண் வரக் கால் மணித்தியாலம் போனது. மூடுவதற்குக் கணம் போதும், திறக்கத்தான் நேரம். இப்போது கழற்றாமலே சளி எடுக்கும் மூடிய குழாய் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான்.

“மிஸ், காற்றைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோவன்” என்று உறவினர்கள் கேட்பார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். ஓர் இரவு பீப்பை 10இலிருந்து 14 ஆக்கினோம். ஒட்சிசன் இரண்டு புள்ளி ஏறியது, இரத்த அழுத்தம் 110இலிருந்து 84க்கு விழுந்தது. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். போதாததற்கு, ஏற்கெனவே திறந்திருக்கும் பகுதி அளவுக்கு மீறி ஊதிவிடும். 2017இல் வந்த ‘ஆர்ட்’ ஆய்வில், நுரையீரலைப் பலமாக ஊதித் திறந்து பீப்பையும் உயர்த்தி வைத்தவர்களிடையே இறப்புக் கூடியிருந்தது.

அதனால் பீப்பை மாற்றியதும் டொக்டர் மூச்சை உள்ளே ஒரு கணம் நிறுத்தி, அப்போது நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தத்தை எடுப்பார்; அதுதான் பிளாட்டோ அழுத்தம். 30ஐத் தாண்டக்கூடாது. அப்புறம் அதிலிருந்து பீப்பைக் கழிப்பார். அதே அளவு காற்றுக்கு இப்படிக் கழித்து வரும் எண் குறைந்தால் புதிய இடம் திறந்திருக்கிறது. கூடினால் திறந்ததையே இழுக்கிறோம்.

குறை சொல்வதென்றால், குழாயில் சேரும் தண்ணீர். ஏசிக் குளிரில் ஈரக்காற்று நீராகித் தேங்கும். அது ஆடினால் நோயாளி மூச்செடுக்கிறார் என்று மெஷின் ஏமாந்து அடிக்கடி காற்றைத் தள்ளும். மூச்சு எண்ணிக்கை திடீரென ஏறி அலாரம் அடித்தால் இப்போது நான் முதலில் பார்ப்பது குழாயைத்தான்.