இன்ஸ்டன்ட் ஓஷன் உப்பு: தருமபுரித் தண்ணீரில் கோமாளி மீன் குஞ்சு எடுக்க ஏற்றதா?

கடலே இல்லாத மாவட்டத்தில் 'நீமோ' எனப்படும் கோமாளி மீன் ஜோடியை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுப்பதென்றால் கடல்நீரை வீட்டிலேயே தயாரித்தாக வேண்டும். அதற்கான செயற்கைக் கடல் உப்புகளில் இன்ஸ்டன்ட் ஓஷன் நெடுநாளாகப் புழங்கும் பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரிலிருந்தோ சென்னை கொளத்தூரிலிருந்தோ பார்சலில் வரவழைக்க வேண்டியிருக்கும். மீன் இனப்பெருக்கத்துக்கு இந்த உப்பு தாராளமாகப் போதும். ஆனால் அதன் தரமெல்லாம் நீங்கள் எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் உப்பின் நிறைகள். லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் போட்டால் உப்புச்செறிவு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அடர்த்தி எண் (தூய தண்ணீரோடு ஒப்பிட்ட கனம்) 1.026க்கு வரும். வேகமாகக் கரைந்து தெளிகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்ப்பதில்லை. பவளத்துக்கென்று கால்சியமும் காரத்தன்மையும் கூட்டிச் செய்த விலை அதிகமான உப்புகளும் உண்டு. ஒரு ஜோடி மீன், முட்டையிட ஒரு மண்சட்டி, பக்கத்தில் ஒரு குஞ்சுத் தொட்டி, இவ்வளவுதான் உங்கள் ஏற்பாடு என்றால் அந்தக் கூடுதல் செலவு வீண். அந்தப் பணத்தைத் தண்ணீர் வடிகட்டிக்குப் போடுங்கள்.

ஏனென்றால் இங்கே சிக்கல் தண்ணீரில்தான். இந்த இரண்டு மாவட்ட போர் தண்ணீரின் கடினத்தன்மையும் ஃப்ளூரைடும் ஊரறிந்தவை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே ஃப்ளூரைடுக்காகத்தான். பலரும் ஃப்ளூரைடை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். இயற்கைக் கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருக்கிறது. கடல் மீனுக்கு அது புதிதல்ல. தொட்டியைக் கெடுப்பவை போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, நைட்ரேட், சிலிக்கா ஆகியவை. ஏற்கெனவே கால்சியம் நிறைந்த தண்ணீரில் இந்த உப்பைக் கொட்டினால் பால்போல் வெளுத்து, வாளியின் அடியில் வெள்ளையாகப் படியும். உடனே உப்பு மட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிலிக்கா இருந்தால் கண்ணாடியிலும் முட்டைச் சட்டியிலும் பழுப்புப் பாசி ஏறும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. ஆனால் அதில் குளோரின் உண்டு, கார்பன் ஃபில்டர் இல்லாமல் தொடவே கூடாது.

வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. மெஷினை அப்படியே நம்பாதீர்கள். பல மாடல்களில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் இருக்கும், சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரை மறுபடி கலந்துவிடும். அதை முழுக்க மூட வேண்டும். மினரல் கார்ட்ரிட்ஜ், முக்கியமாக 'காப்பர்' கார்ட்ரிட்ஜ், வழியில் இருக்கவே கூடாது. தாமிரம் கோமாளி மீன் தங்கும் அனிமோனைக் (கடல் சாமந்தி) கொல்லும், குஞ்சுக்கு முதல் தீனியான ரொட்டிஃபர் என்ற நுண்ணுயிரையும் கொல்லும். ஆர்.ஓ. மெம்பிரேனுக்குப் பின்னால், மிச்சமுள்ள உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டி, டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டும் தண்ணீரைத்தான் உப்புக்கு எடுக்க வேண்டும். கேன் தண்ணீர் வாங்கினாலும் ஒவ்வொரு கேனையும் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு எகிறி, கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) போட்டு ஓர் இரவு ஓடவிட்டு, தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு அளந்து பாருங்கள். உப்புச்செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, 35 பி.பி.டி. அளவுத் திரவத்தில் சரிபார்க்க வேண்டும். மலிவான பல கருவிகளின் அளவுகோல் சாதா உப்புநீருக்கானது. கடல்நீரில் ஒன்றரை பி.பி.டி. வரை பிசகும்.

இந்த உப்பை எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே கூடாது என்பதும் முக்கியம். ஜோடி இருக்கும் தாய்த் தொட்டிக்கு அடர்த்தி எண் 1.025. குஞ்சுத் தொட்டியில் தாய்த் தொட்டித் தண்ணீரையே ஊற்ற வேண்டும். புதிதாகக் கரைத்ததை அல்ல. ரொட்டிஃபர் வளர்ப்புக்கு லிட்டருக்கு 25 கிராம் போதும், அதில்தான் வேகமாகப் பெருகும். சற்று வளர்ந்த குஞ்சுக்குத் தீனியாகும் ஆர்டீமியா என்ற சிறு இறால் வகையின் முட்டையைப் பொரிக்க இந்த உப்பு தேவையே இல்லை. அயோடின் சேர்க்காத கல்லுப்பு லிட்டருக்கு 25 கிராம், ஒரு சிட்டிகை சமையல் சோடா, வெளிச்சம், நல்ல காற்று, 28 டிகிரி என்று இருந்தால் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். முட்டை ஓடுகளை நன்றாகப் பிரித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், மீன் குஞ்சு விழுங்கினால் குடல் அடைக்கும்.

உப்பு சரியாக இருந்தும் குஞ்சுகள் சாவது பெரும்பாலும் முதல் வாரத்துப் பசியால். மீன் முட்டை 28 டிகிரியில் ஏழெட்டு நாளில் வெள்ளிக்கண் தெரிய முற்றி, விளக்கணைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரியும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஒரு மில்லிலிட்டரில் 10 ரொட்டிஃபராவது இருக்க வேண்டும். 20 லிட்டர் தொட்டி என்றால் 2 லட்சம் ரொட்டிஃபர். முட்டை தெரிந்த பிறகு ரொட்டிஃபர் தேடிப் போனால் காலம் கடந்துவிடும். ஜோடி முட்டையிடுவதற்கு முன்பே குறைந்தது இரண்டு வாளியில் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று சரிந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். 8 முதல் 12 நாளுக்குள் வெள்ளைப் பட்டை ஏறி அடியில் நீந்தத் தொடங்கினால் பெரிய கண்டம் தாண்டியாயிற்று. அதுவரை அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். கடல்நீரின் 8.2 பி.எச்.சில் (கார அளவு) அது பி.எச். குறைந்த நன்னீரில் இருப்பதைவிட அதிக நஞ்சு.

சித்திரை, வைகாசி வெயிலில் தருமபுரியில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் நீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த அளவை டி.ஐ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. ஓசூரில் மார்கழி இரவுகளுக்கு நேர்மாறான கவலை, ஹீட்டர் இல்லாமல் முட்டை பொரிவது தள்ளிப்போகும். கரண்ட் போகும் ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

இந்த உப்பிடம் ஒரு குறை உண்டு. அதில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். திறந்த பை மழைக்காலத்தில் கட்டியாகிவிடும். லேசாகக் கட்டியானதை உடைத்துப் பயன்படுத்தலாம், ஈரம் ஊறிப் பாறையானதைத் தாய்த் தொட்டியில் போடாதீர்கள், காரத்தன்மை குறைந்திருக்கும். பார்சலில் குலுங்கி வரும் பையில் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்கலாம், திறக்கும் முன் புரட்டி உருட்டுங்கள். ஒரே ஜோடி வைத்திருப்பவருக்கு 6.8 கிலோ பை போதும்: 120 லிட்டர் தொட்டியை நிரப்ப 4.3 கிலோ, மிச்சம் ஐந்தாறு வாரத்து 10 சதவீத நீர் மாற்றத்துக்கு. இரண்டு மூன்று ஜோடி இருந்தால் இறுக்கமான மூடியுள்ள வாளி வாங்குங்கள்.