மறதி நோய் உள்ள அம்மா அப்பாவின் பல்லைப் பிடுங்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீட்டில் அல்சைமர் வந்த பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன். "பல்லில் இருக்கும் கிருமிதான் மூளைக்கு ஏறி மறதியைக் கொண்டுவருது, எல்லாப் பல்லையும் எடுத்துட்டு பல் செட் போட்டா மறதி அங்கேயே நின்னுடும்" என்று எந்தப் பல் டாக்டராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் எழுந்து வரவில்லை. அம்மாவின் கீழ்த்தாடையில் இப்போது ஒரு பல்கூட இல்லை.

அம்மாவுக்கு 76 வயது. அருவங்காட்டில் இருக்கிறோம், அப்பா கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், இப்போது இல்லை. நாலு வருஷம் முன்பு கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் பார்த்து அல்சைமர் என்று சொன்னார். போன ஐப்பசி மழையில் அம்மா சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தார். டீயில் நனைத்த வர்க்கி மட்டும் இறங்கும், அதையும் ஒரு பக்கமாகவே வைத்துச் சப்புவார். ராத்திரி தூங்காமல் நடப்பார், தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்வார். வலிக்குதா என்றால் "இல்ல கண்ணு". யார் கேட்டாலும், எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நோய் முற்றுகிறது என்று நினைத்துத் தூக்க மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா என்றுகூட அண்ணனும் நானும் பேசினோம். மூணு வாரம் கழித்து முகம் கழுவிவிடும்போது தற்செயலாக வாய்க்குள் பார்த்தால் கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்து, ஈறில் சீழ். மூணு வாரம் அந்த வலியோடு இருந்திருக்கிறார், சொல்லத் தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

குன்னூரில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்தார், தாடை முழுக்கத் தெரிகிற ஓபிஜி எக்ஸ்-ரே எடுத்தார், அப்புறம் அந்தக் கிருமிக் கதையைச் சொல்லிப் போனில் ஏதோ கட்டுரையைக் காட்டினார். மொத்தம் 15 பல் இருந்தது, கீழே 8, மேலே 7. எல்லாவற்றையும் எடுத்து செட் போட 64,000 ரூபாய், முதலில் 40,000 கட்டச் சொன்னார். மறதி நிற்கும் என்று ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்லும்போது பெற்ற பிள்ளைகளுக்கு என்ன தோன்றும் என்று உங்களுக்கே தெரியும். கட்டினோம். ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவத்தில், என்ன தேதி என்றே தெரியாத அம்மாவின் கையில் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். இதயத்துக்காக அம்மா தினமும் ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஒரே உட்காரலில் கீழ்ப்பல் எட்டும் போச்சு. பஞ்சை வைத்து "ஒரு மணி நேரம் கடிச்சிட்டே இருங்கம்மா, துப்பாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மாவிடம்! வெலிங்டன் தாண்டுவதற்குள் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டார். மரத்துப்போன உதடு தன்னுடையது என்று தெரியாமல் மேல்பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டார், பல் இருந்த குழிக்குள் விரலை விட்டுத் துழாவினார். ராத்திரி பதினொரு மணிக்கும் தலையணை நனைகிற அளவு ரத்தம், வெளியே கை நீட்டினால் தெரியாத மூடுபனி. கிளினிக் நம்பர் எடுக்கவே இல்லை. அண்ணன்தான் விடியும்வரை அம்மாவின் வாயில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூணு வாரத்தில் கீழ் செட் வந்தது. அளவெடுக்கும்போது அம்மா ஓக்காளித்துத் திமிற, அண்ணனையே கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், அண்ணன் அழுதுவிட்டார். செட்டை வைத்த அஞ்சாவது நிமிஷம் அம்மா எடுத்துப் பார்த்து, "இது யாரோடது, தேடுவாங்களே" என்று மஃப்ளரில் முடிந்து வைத்தார். தினமும் இதேதான், ஒரு நாள் அரிசி டப்பாவில் கிடந்தது. கிளினிக்கில் கேட்டால், பழக்காதது உங்கள் தப்பு, பணம் திரும்பாது. அதோடு மேல்பல்லை எடுப்பதை நிறுத்தினேன்.

அப்புறம் கோயம்புத்தூர் போனோம். நரம்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். அல்சைமரில் இறந்தவர்களின் மூளையில் ஈறு நோய்க் கிருமியின் தடயம் இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதானாம். அந்தக் கிருமிக்கு எதிரான மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. பல்லைப் பிடுங்கினால் மறதி நிற்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை.

அவர் அனுப்பிய பல் டாக்டர் அம்மா கண்ணில் படும் இடத்தில் என்னை உட்காரவைத்து, ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லி, கையைப் பிடிக்காமலே வாயைத் திறக்கவைத்தார். பழைய எக்ஸ்-ரேயைப் பார்த்துவிட்டு, எட்டில் மூணைத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார். கீழ் செட்டை நாக்கும் கன்னமும்தான் பழகிப் பிடித்து நிறுத்த வேண்டுமாம், புதிதாக ஒன்றைப் பழகும் திறனைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது, அப்படியிருக்கப் பழகவில்லை என்று அம்மாவைக் குறை சொல்லி என்ன பிரயோசனம். பிடுங்கிய பின் எலும்பு மாதக்கணக்கில் சுருங்கும் என்பதால் மூணு வாரத்தில் செய்த செட் எப்படியும் தளர்ந்திருக்கும். ஆஸ்பிரினை நாமாக நிறுத்தக் கூடாது, ஆனால் தெரிந்திருந்தால் ஒன்றிரண்டாக எடுத்துத் தையல் போட்டிருக்கலாம் என்றார்.

மேலே இருக்கும் ஏழு பல்லில் வேர்ப்பக்கம் சொத்தையான ரெண்டுக்கு சில்வர் டயமைன் புளோரைடு என்ற மருந்தைத் தடவிவிட்டார். ஊசி இல்லை, குடைதல் இல்லை, சொத்தை கறுத்துப்போய், பெரும்பாலும் மேற்கொண்டு பரவாமல் நிற்கும். கறுப்பு தெரியும்தான், அம்மாவுக்கு அதனால் ஒன்றும் இல்லை. சளிக்கும் அரிப்புக்கும் நாங்களே வாங்கிக் கொடுத்துவந்த மாத்திரை வாயை வறட்டி, சொத்தையைக் கூட்டி, குழப்பத்தையும் அதிகமாக்கும் என்று நிறுத்தச் சொன்னார். இப்போது புளோரைடு பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, பிரஷ்ஷை அம்மா கையிலேயே கொடுத்து என் கையை மேலே வைத்துத் தேய்க்கிறேன், காலையில் மனநிலை நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து. வாரம் ஒருமுறை டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிறேன்.

இந்த நிலைமையில் இருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்குள் இன்னொரு பல் டாக்டரிடம் காட்டுங்கள், எந்தப் பல்லை ஏன் எடுக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள், எக்ஸ்-ரேயைக் கையோடு கேட்டு வாங்குங்கள். எங்களுக்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், நல்லவேளை அண்ணன் ஜிபேயில் கட்டியிருந்தார். நுகர்வோர் உதவி எண் 1915இல் கேட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலுக்கும் தனியாக எழுதியிருக்கிறோம், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.