பேக்யுலா: பெரிய அலுவலகத்தின் பேக்கப் பொறுப்பை நம்பி ஒப்படைக்கலாமா?

நூற்றுக்கு மேற்பட்ட கணினிகளும், விண்டோஸ், லினக்ஸ் என இரு வகைச் சர்வர்களும் கலந்து இயங்கும் அலுவலகத்துக்கு பேக்கப் மென்பொருள் தேடுபவர்கள், நகலெடுக்கும் வேகத்தைவிட, தொலைந்த கோப்பு எப்படித் திரும்பக் கைக்கு வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் திறமூல மென்பொருளான பேக்யுலாவுக்கே என் பரிந்துரை. ஆனால் அதன் கையேட்டைப் பொறுமையாகப் படித்துத் தேறிய நிர்வாகி ஒருவர் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும்.

கேர்ன் சிபால்டு 2000இல் எழுதத் தொடங்கி, 2002இல் வெளியிட்ட மென்பொருள் இது. எந்தக் கணினியை எப்போது நகலெடுப்பது என்று ஆணையிடும் டைரக்டர், ஒவ்வொரு கணினியிலும் இருந்து கோப்புகளைப் படித்து அனுப்பும் ஃபைல் டீமன், அவற்றை டிஸ்க்கிலோ காந்த நாடாவான டேப்பிலோ எழுதும் ஸ்டோரேஜ் டீமன் என வேலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது (டீமன் என்பது பின்னணியில் இயங்கிக்கொண்டே இருக்கும் நிரல்). தரவு டைரக்டர் வழியாகச் செல்லாமல் நேரடியாகச் சேமிப்பிடத்துக்கே போவதால், அடுத்த கட்டடத்தில் இன்னொரு ஸ்டோரேஜ் டீமனை நிறுவி, சுமையை எளிதாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

இதன் உண்மையான பலம் மீட்டெடுப்பில் தெரிகிறது. பீகன்சோல் என்னும் கட்டளைத் திரையில் ‘ரீஸ்டோர்’ என்று தட்டச்சு செய்து, வரும் பட்டியலில் ஐந்தாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கணினியின் கடைசி முழு நகலையும் அதற்குப் பிந்தைய டிஃபரன்ஷியல் (முழு நகலுக்குப் பின் மாறியவை), இன்கிரிமெண்டல் (முந்தைய நகலுக்குப் பின் மாறியவை) நகல்களையும் மென்பொருளே கோத்து, கோப்புறைகளைக் கடைசியாக இருந்த நிலையில் விரித்துக் காட்டுகிறது. வேண்டியதை ‘மார்க்’ என்று குறித்து ‘டன்’ என்று முடித்ததும், எந்தெந்த டேப் தேவைப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறது. மீட்ட கோப்பு பழைய கோப்பின் மேலேயே எழுதப்படாமல் தனிக் கோப்புறையில் வந்து சேருமாறு அமைத்துக்கொள்ளவும் முடியும்.

இந்த வசதி முழுவதும், எந்தக் கோப்பு எந்த நகலில் இருக்கிறது என்று குறித்து வைக்கும் கேட்டலாக் என்னும் தரவுத்தளத்தை நம்பியிருக்கிறது. கவனம் தேவைப்படும் இடமும் அதுவே. மாதிரி அமைப்புக் கோப்பில் கோப்பு விவரங்களை வைத்திருக்கும் காலம் 60 நாள் என்றே இருக்கும். அதை மாற்றாமல் விட்டால், அதற்கு முந்தைய நகல் டேப்பில் பத்திரமாக இருந்தாலும், ஒரு கோப்பை மட்டும் தேர்ந்தெடுக்க வழியின்றி, அந்த நகல் முழுவதையும் மீட்டெடுக்க நேரிடும். தணிக்கைக்காக ஆண்டுக்கணக்கில் கோப்புகளைத் தேடும் கணக்குப் பிரிவு உள்ள அலுவலகங்கள் இதை முதல் நாளே திருத்திவிட வேண்டும். கேட்டலாக்கே அழிந்துபோனால் பீஸ்கேன் என்னும் துணைக் கருவியைக் கொண்டு டேப்புகளைப் படித்து அதை மறுபடி உருவாக்கலாம் என்றாலும், அதற்கு நெடுநேரம் பிடிக்கும் என்பதால், கேட்டலாக்கின் நகலை நாள்தோறும் வேறோர் இடத்தில் வைப்பதே நல்லது.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் பேக்யுலா மின்னஞ்சல் அனுப்பும். அது வராத நாளையும் கவனிக்க ஆள் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோதுதான், அதன் பேக்கப் பல நாளாகத் தோல்வியடைந்து வந்ததும், அதுபற்றிய எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமல் நிராகரிக்கப்பட்டு வந்ததும் தெரியவந்தன. வேறு மென்பொருள் வாங்கினாலும் இந்த ஆபத்து நீங்கிவிடாது.

சர்வர்கள் பெரும்பாலும், விஎம்வேர் போன்ற மென்பொருளின் உதவியால் ஒரே கணினிக்குள் தனித்தனிக் கணினிகள்போல் இயங்கும் மெய்நிகர் இயந்திரங்களாக இருக்குமானால் என் பரிந்துரை மாறும். அவற்றுக்கான பேக்யுலா செருகுநிரல் கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கிறது. அந்தச் சூழலுக்காகவே வளர்ந்த வீம் என்னும் பேக்கப் மென்பொருள், நகலிலிருந்தே இயந்திரத்தை நேரடியாக இயக்கிவிடும். அதன் இலவசப் பதிப்பு பத்து இயந்திரங்களோடு நின்றுவிடுவதால், பெரிய அலுவலகம் உரிமக் கட்டணத்தை ஆண்டுச் செலவில் சேர்த்தாக வேண்டும். விண்டோஸ் கணினிகள் மட்டுமே உள்ள இடத்துக்கு, உலாவியிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளக்கூடிய அர்பேக்கப் என்னும் மென்பொருளே போதும்.